பணிவின் இருப்பிடம்

எங்கள் தீவுப்பகுதியில் வாழ்த்துமடல் வாங்காமல் ஒரு மனிதர் செத்துப்போவது கடினம். தபாற்காரர் இளைப்பாறினால் மடல். கனடாவிலிருந்து வந்தவர் கோயில் மதிலுக்குப் பெயின்ற் அடித்துக் கொடுத்தால் மடல். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, ஓரத்தில் பிளாஸ்ரிக் பூ ஒட்டி, மேடையில் ஒருவர் இழுத்து இழுத்து வாசித்து, பொன்னாடை போர்த்தியவரின் கையில் கொடுப்பார்கள். பிறகு அது அவர் வீட்டுச் சுவரில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். பல வீடுகளில் சுவாமியைவிட மடல் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

இந்த மடல்களில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. முப்பது வருடம் தமிழ் படிப்பித்துவிட்டு இளைப்பாறினேன். எனக்கும் ஒரு பிரியாவிடை வைத்து மடல் தந்தார்கள். அதையும் நானே எழுதினேன். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார்கள்.

ஆளுக்கேற்ற மாதிரி சில சொற்களை எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தவருக்குக் கார்மேகம், அதிபருக்குக் கலங்கரை விளக்கம், வைத்தியருக்குக் கண்கண்ட தெய்வம். சொல்வதற்கு ஒன்றுமே கிடைக்காத ஆளுக்கு 'பணிவின் இருப்பிடம்'. எல்லை வேலிக்காகச் சொந்தத் தம்பியோடு இருபது வருடம் வழக்காடிய ஒருவருக்கும் அப்படித்தான் எழுதினேன். அவர் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாட்சியாகக் காட்டப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதே சொல்லை ஒரே மனிதருக்கு மூன்று தரம் எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் போடப்போவதில்லை. "பேரில என்ன இருக்கு ரீச்சர்?" என்று அவரே என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். ஆகையால் குறைப்படமாட்டார்.

அவர் எங்கள் தீவில் பிறந்த பாடகர். வருடத்தில் பாதி யாழ்ப்பாணத்திலும் மீதி வெளிநாட்டு மண்டபங்களிலும் பாடிக்கொண்டிருப்பார். குரலில் பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் பாடினால் சோளகக் காற்றும் நின்று கேட்கும் என்று முதல் மடலில் எழுதினேன். காற்று நிற்கவில்லை, பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு போனது. நான் நின்று கேட்டேன்.

குரலைவிட ஊரில் புகழ் பெற்றது அவருடைய பணிவு. எங்கள் சனசமூக நிலைய விழாவுக்கு அவர் நடந்துதான் வருவார். தோளில் ஒரு துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. இவ்வளவு பெரிய மனிதர் நடந்து வருகிறாரே என்று சனம் உருகும். அவர் வந்த கார், தெரு வளைகிற கோயில் கேணி முடக்கில், வேப்பமரத்தின் கீழ் நிற்கும். கேணி முடக்குவரை அந்தத் துணிப்பையைத் தன் வயலினோடு சேர்த்து ஒரு பெண் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முடக்கில் பை அவர் தோளுக்கு மாறும். என் வீட்டு மதிலுக்கு மேலால் பார்த்தால் கேணி முடக்கு நன்றாகத் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய?

மேடையில் கதிரை போட்டால் இருக்கமாட்டார். "நான் இன்னும் படிக்கிற பிள்ளை" என்று சொல்லி நிலத்தில் இருப்பார். அவர் நிலத்தில் இருக்கும்போது மற்றவர்கள் எப்படிக் கதிரையில் இருப்பது? ஒரு வருடம் நிர்வாகசபை முழுவதும் நிலத்துக்கு இறங்கியது. எங்கள் தலைவர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். அவரும் இறங்கினார். நன்றியுரை முடிந்து பந்தல் கழற்ற ஆட்கள் வந்த பிறகுதான் இரண்டு பேர் பிடித்து அவரை எழுப்பினார்கள்.

பொன்னாடை போர்த்தினால் உடனே கழற்றி, சபையில் ஆக வயதான மனிதரைத் தேடிப் போய்ப் போர்த்துவார். ஒரு தடவை அந்த வயோதிபர் கதிரையில் அயர்ந்துபோய் இருந்தார். கண் விழித்தபோது மேலே பட்டுத்துணி, சுற்றிவரச் சனம், எல்லோரும் கைகூப்பியபடி. தன்னைப் பாடையில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து அந்த மனிதர் போட்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாததும் ஒன்று இருந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்து வயலின் வாசிப்பவள்தான் நான் சொன்ன அந்தப் பெண். நாரந்தனைப் பிள்ளை. பிள்ளை என்று நான் சொன்னாலும் நாற்பது வயதை நெருங்குகிறவள். பதினான்கு வருடமாக அவரோடு வாசித்தாள். எந்த நோட்டீசிலும் அவள் பெயர் இல்லை. 'பக்கவாத்தியக் குழுவினர்' என்று மட்டும் இருக்கும். ஒரு வருடம் நான் கேட்டேன். அவர் கைகூப்பிச் சிரித்தபடி, "நாங்கள் எல்லாரும் தூசி, ரீச்சர். தூசிக்கு ஏன் பேர்?" என்றார். எனக்கு அது பெரிய தத்துவமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நோட்டீசைப் பார்த்தேன். அவருடைய பெயர் அரைப் பக்கத்துக்கு, படத்தோடு இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் விழாவன்று பின்னேரம், மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறைக்கு நான் தேத்தண்ணித் தட்டோடு போனேன். கலைஞர்கள் தங்குவதற்கு அந்த வகுப்பறையைத்தான் ஒதுக்கியிருந்தோம். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. மேடையில் பேசுகிற அதே மெல்லிய குரல். போன கச்சேரியில் அவள் வாசித்ததற்குச் சபை கைதட்டியதாம், அது ஏன் என்று கேட்டார். "கையை நீட்டு" என்றார். சின்ன வகுப்புப் பிள்ளைபோல அவள் இடது கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். தகரத்தால் செய்த பழைய காலத்துக் கூடு. அதன் விளிம்பால், தந்தி அழுத்துகிற அந்த விரல்களின் முட்டியில் இரண்டு தரம் அடித்தார். அவசரப்படாமல் அடித்தார்.

பிறகு என்னைக் கண்டார். முகம் உடனே மாறியது. "ஐயோ ரீச்சர், நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? தாருங்கோ" என்று தட்டை என் கையிலிருந்து வாங்கி, எல்லோருக்கும் தானே தேத்தண்ணி கொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். அவள் வலது கையால் வாங்கினாள்.

நான் என்ன செய்தேன்? மேடைக்குப் போனேன். கையில் இருந்த மடலை வாசித்தேன். அதில் 'பணிவின் இருப்பிடம்' என்று இருந்தது, இழுத்தே வாசித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் போகவில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் எழுதினேன். ஊர் கேட்டது, எழுதினேன். அது மூன்றாவது மடல்.

இனி எங்கள் ஊர்ப் பந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களிடம் ஒருவர் விருந்துக்கு வந்து இலைக்கு முன்னால் இருந்தால், சோறு வைக்கும்போது "காணும், காணும்" என்று இலைக்கு மேல் கையை விரிப்பார். காணும் என்றால் போதும். ஆனால் பந்தியில் அது போதும் இல்லை. வைக்கிறவர் அந்தக் கையை விலக்கி இன்னும் ஒரு அகப்பை வைக்கவேண்டும். அவர் மறுபடி "காணும்" என்பார், இவர் மறுபடி வைக்கவேண்டும். முதல் 'காணும்' சொன்னவுடனே அகப்பையைத் திருப்பிக்கொண்டு போனால், அந்த மனிதர் பாதி வயிற்றோடு எழும்பி, ஆயுள் முழுக்க உங்கள் வீட்டைப் பற்றிக் கதைப்பார். கொழும்பில் வளர்ந்த மருமகள்கள் இந்தப் பிழையை விட்டு, குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது எனக்குத் தெரியும்.

பாடகருடைய பணிவும் இதே 'காணும்'தான். ஒவ்வொரு மடலுக்கும் முன்னால் தொலைபேசி எடுத்து, "என்னைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் ரீச்சர்" என்பார். நான் "அப்பிடிச் சொல்லக் கூடாது" என்று இரண்டு அகப்பை வைப்பேன். அவர் பெருமூச்சு விட்டு, தான் எந்தெந்த நாட்டில் பாடினார் என்பதை ஒழுங்கு தவறாமல் சொல்லுவார். நான் எழுதிக்கொள்வேன்.

இந்த வருடம் நிலையம் அவருடைய கலைச் சேவையைப் பாராட்டி விழா எடுத்தது. வழமைபோலத் தொலைபேசி வந்தது.

"ரீச்சர், இந்த முறை உண்மையாச் சொல்லுறன். நான் ஒண்டும் இல்லாதவன். என்னைப் பற்றி எழுதாதேங்கோ. எழுதத்தான் வேணுமெண்டால் என்னோட வாசிக்கிறவையைப் பற்றி எழுதுங்கோ. அவையாலதான் நான்."

அடுத்தது என் முறை. அகப்பையைத் தூக்கவேண்டும். ஆனால் அந்தத் தகரக் கூடு ஞாபகத்தில் வந்தது.

"சரி, நீங்கள் சொன்னபடியே செய்யிறன்" என்றேன்.

"ஓமோம்" என்றார். பிறகு கொஞ்சம் காத்திருந்தார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை நாரந்தனைக்குப் போனேன். அவள் தாயோடு இருக்கிறாள். தாய் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கோழியும் தோட்டமுமாக ஓடித்திரிகிற மனுசி. அந்தப் பாடகரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு முகம் மலரும். நான் கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டார்.

"ரீச்சர், அவர் இஞ்ச வந்து என்ர குசினி நிலத்தில சம்மணம் கட்டி இருந்து புட்டுச் சாப்பிட்ட மனுசன். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைச்சவர். நான் விடேல்ல, அவர் கேக்கேல்ல. உலகம் முழுக்கப் பாடின மனுசன்."

இந்தக் கதையை நான் கோயிலடியில் கேட்டிருக்கிறேன், பஸ்சில் கேட்டிருக்கிறேன், ஒரு செத்தவீட்டிலும் கேட்டிருக்கிறேன். கழுவிய கோப்பையைத் தாய் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும் ஊரில் கதை.

தாய் தேத்தண்ணி போட உள்ளே போனதும் நான் மகளிடம் விசயத்தைச் சொன்னேன். இந்த முறை மடல் உம்மைப் பற்றி, உமக்குச் சம்மதமென்றால் மட்டும். அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு விளங்கியது.

நயினாதீவில் ஒரு கோயிலார் திருவிழாவில் தனி வயலின் கச்சேரி வைக்க ஆள் தேடினார்களாம். அவள் வாசித்ததைக் கேட்டிருக்கிறார்கள், பெயர் தெரியாது. அதனால் பாடகரிடமே விசாரித்திருக்கிறார்கள். "அந்தப் பிள்ளைக்குத் தனிய வாசிக்க ஏலாது, பாவம். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரியிறன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். இது எப்படியோ அவள் காதுக்கு வந்தது. இனித் தான் தனியாக வாசிக்கப் போவதாக அவரிடம் சொன்னாள்.

"என்ன சொன்னவர்?"

"'உன்ர பேர் ஆருக்குத் தெரியும்?' எண்டு கேட்டவர். மெய்தானே ரீச்சர். ஆருக்கும் தெரியாது."

அவள் இடது கை மடியில் இருந்தது. மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு கையைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் கண்டனான் பிள்ளை" என்றேன். "தேத்தண்ணித் தட்டோட வாசல்ல நிண்டனான். கண்டுபோட்டும் பேசாமல் போய் மடல் வாசிச்சனான்."

"தெரியும். நானும் உங்களைக் கண்டனான்." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "அம்மாவுக்குத் தெரியாது. அலுமாரிக் கதவில நசிஞ்சதெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அந்தப் புட்டுக் கதையை அவ எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா? இப்ப போய் எப்பிடிச் சொல்லுறது?"

தாய் தேத்தண்ணியோடு வந்தார். நாங்கள் கோழிக்கு வந்த நோயைப் பற்றிக் கதைத்தோம். வெளிக்கிடும்போது அவள் படலைவரை வந்தாள்.

"எழுதுங்கோ ரீச்சர். ஆனா அவர் செய்ததை எழுதாதேங்கோ. நான் செய்ததை மட்டும் எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். நான் எழுதிய மடல்களிலேயே கார்மேகமும் கலங்கரை விளக்கமும் இல்லாதது அது ஒன்றுதான். மற்றவர்களைப் பற்றிச் சோடித்து எழுதவேண்டியிருந்தது. இவளைப் பற்றி நடந்ததை வரிசையாக எழுதவே தாள் காணவில்லை. தலைவரிடம், "அவர் சொன்னபடி எழுதியிருக்கிறன்" என்றேன். "அவர் சொன்னால் சரிதானே" என்று, வாசிக்காமலே சட்டம் போட அனுப்பிவிட்டார். எங்கள் நிலையத்தில் வாழ்த்துமடலை மேடைக்கு முதல் ஒருவரும் வாசிப்பதில்லை. மேடைக்குப் பிறகும் வாசிப்பதில்லை.

விழா நாலு மணிக்கு. நாலரைக்கு அவர் நடந்து வந்தார், தோளில் துணிப்பை. நயினாதீவுக் கோயிலாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அழைப்பிதழ் நான் அனுப்பியது. முன்வரிசையில் அவளுடைய தாய், கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையோடு. விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்தன. தலைவர் இந்த முறை வைத்தியர் சொன்னதாகச் சொல்லிக் கதிரையிலேயே இருந்துகொண்டார். பாடகர் நிலத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வயலினோடு அவள். பொன்னாடை போர்த்தினார்கள். கழற்றிக்கொண்டு வயோதிபரைத் தேடினார். முன்னொரு தடவை பயந்த மனிதர் அந்தப் பக்கமே வரவில்லை.

நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போனேன்.

"எங்கள் கலைஞர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன்னோடு வாசிக்கிறவர்களைப் பற்றி எழுதும்படி சொன்னார். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது. அதனால் இந்த மடல் அவருடைய விருப்பப்படி எழுதப்பட்டது" என்று சொல்லி, அவளுடைய பெயரை வாசித்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து முழுதாக வாசித்தேன்.

சபை கைதட்டியது. எல்லோரும் அவரையும் பார்த்துக் கைதட்டினார்கள், என்ன மனம் இந்த மனிதருக்கு என்று. அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வேறு என்ன செய்வார்? ஒன்பது வயதில் அவள் வாசிக்கத் தொடங்கியதை வாசித்தேன். இடம்பெயர்ந்து போன நாட்களில் உடுப்பை விட்டுவிட்டு, அரிசிச் சாக்குக்குள் வயலினை வைத்துச் சுமந்ததை வாசித்தேன். பதினான்கு வருடத்தில் காய்ச்சல் வந்தபோதும் ஒரு கச்சேரியையும் தவறவிடாததை வாசித்தேன். சனிக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதையும், வயலின் சத்தத்துக்குத் தாயின் கோழிகள் முட்டையிடாமல் விடுகின்றன என்று சாட்டிக் கடற்கரைக்குப் போய்ச் சாதகம் செய்ததையும் வாசித்தபோது சனம் சிரித்தது. தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

முடிந்ததும் வழக்கப்படி மடலைப் பிரதம விருந்தினர் கையால் கொடுக்கவேண்டும். அன்றைக்குப் பிரதம விருந்தினரும் பாடகர்தான். அவர் எழும்பி, சட்டத்தை வாங்கிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார்.

"நல்ல விசயம். நான் தூசி. தூசியைப் பற்றி ஏன் கதை? ஆனா இந்தப் பிள்ளையை ஆர் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது, ஆர் பதினாலு வருசம் கையைப் பிடிச்சுத் தூக்கினது எண்டதும் ரீச்சர் எழுதியிருப்பா. எனக்குக் காது சரியாக் கேக்கேல்லப் போல. ஒருக்கா நானே வாசிச்சுப் பாக்கிறன்."

இடக்கையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். வாசிக்கத்தான் எடுத்தார். அதை நான் சத்தியமாகச் சொல்வேன், அந்த நேரம் அவருக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. தகரக் கூடு டக்கென்று திறந்தது.

மடலை வாங்க எழும்பி நின்ற அவள் அந்தச் சத்தம் கேட்டவுடனே இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். வலது கை முன்னால் நீட்டினபடி இருந்தது. அவள் யோசித்துச் செய்யவில்லை. சூடு கண்ட கை அடுப்பைக் கண்டால் இழுபடும், அப்படித்தான்.

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அவளுடைய தாய் எழும்பினார். மேடைக்கு மூன்று படி. நிதானமாக ஏறி வந்து, மகளுக்குப் பின்னால் போய் அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். விரலைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார்.

"அலுமாரிக் கதவெண்டு சொன்னனீ. இதுவோ பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்றாள்.

பாடகருக்குத் தெரிந்தது ஒரு வழிதான். கூட்டைப் பையில் போட்டார், சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கினார், கைகூப்பினார், "அம்மா, நான் ஒண்டும் அறியாதவன்" என்று அந்த மேடையிலேயே குனிந்து தாயின் காலைத் தொடப் போனார். சபையில் ஒன்றிரண்டு பேர் அதற்கும் உருகியிருப்பார்கள். தாய் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"காலை விடும் தம்பி. நான் பிள்ளையின்ர கையைக் கேக்கிறன், நீர் என்ர காலைப் பிடிக்கிறீர்."

அந்த மனுசி அவரை அதற்கு முதல் 'நீங்கள்' என்றல்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை. சட்டத்தைப் பாடகரின் கக்கத்திலிருந்து இழுத்தெடுத்து மகளிடம் கொடுத்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவள் வயலினை எடுக்க மறக்கவில்லை.

எங்கள் தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அடுத்ததாக நன்றியுரை" என்றார். நன்றியுரைக்கு வந்தவர் முதல் நாளே எழுதிவைத்த தாளோடு வந்து, 'பணிவின்' என்ற இடத்தில் நின்று, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்று இறங்கிவிட்டார். கச்சேரி நடக்கவில்லை. ரோல்சும் வடையும் மட்டும் நடந்தன.

பாடகர் தனியாகக் கேணி முடக்குவரை நடந்து போனார். முழுத் தூரமும் பையை அவரே சுமந்தது அன்றைக்குத்தான். மதிலுக்கு மேலால் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்கு ஏலாது.

ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. பெரிய கலைஞர்களுக்குக் கோபம் இருக்கும்தானே என்றார்கள் சிலர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பியும் உதவார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அது எல்லைவேலி வழக்குக்காரர். பாடகரை இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று நான் நம்பவில்லை. போன மாதமும் வெளிநாட்டில் எங்கோ நிலத்தில் இருந்து பாடியதாகத் தொலைபேசியில் படம் வந்தது. அந்தப் படத்தில் வயலினோடு ஒரு புதுப் பிள்ளை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடவில்லை. அவரோடு வேலை செய்கிற ஒருவரை விசாரித்து, அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் வாங்கி வைத்திருக்கிறேன்.

விழா முடிந்து ஒரு கிழமையால் அவள் ஸ்கூட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்துத் தந்தாள். நயினாதீவுக் கோயிலார் அடித்தது. அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது, சொல்லவில்லை. பிறகு சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அம்மா சுவரில மாட்டப்போறா. அதுக்கு முதல் ஒரு சொல்லை வெட்டவேணும் ரீச்சர்."

கடைசி வரியைக் காட்டினாள். அவளைப் பற்றி நடந்ததை மட்டும் எழுதினேன் என்று பெருமைப்பட்டேனே, தாளின் அடியில், கையெழுத்துக்கு மேலே, முப்பது வருடம் பழகிய கை தானாக எழுதியிருந்தது: 'பணிவின் இருப்பிடம்'. மேடையில் அதை வாசித்ததும் எனக்கு ஞாபகம் இல்லை.

"பணிஞ்சது காணும்" என்றாள்.

பந்தியில் பழகிய வாய் எனக்கு. நல்ல சொல்தானே பிள்ளை, இருக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடினேன். அலுமாரியிலிருந்து பழைய சிவப்புப் பேனையை எடுத்து, அந்த இரண்டு சொல்லையும் நன்றாக வெட்டினேன். இரண்டாம் தரம் கேட்கவில்லை.